துருத் தண்ணீரும் ஒரு விசாரணைக் கமிஷனும்

மனிதர்களில் ‘விசாரித்துவிட்டு வாங்குகிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, விற்கிறவர் நாக்கு உலர்ந்துபோய் உட்கார்ந்ததும், “யோசிச்சுட்டு வர்றேன்” என்று வெறுங்கையோடு வெளியே போகிறாரே, அவர்தான். அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் செலவாவதில் அவருக்கு ஆட்சேபணையே கிடையாது. வாங்கிய பிறகு யாரோ ஒருவன் வந்து, “அடடா, இதையா வாங்கினீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய கவலை. அந்த ஒருவன் யார், எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறான்? அவருக்கே தெரியாது. ஆனால் அவன் எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

நம் கதாநாயகர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் வீட்டில் தீப்பிடித்தாலும் திருடு போனாலும், ‘அப்படித்தான் நடந்ததா?’ என்று சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். வேலை போன பிறகும் சந்தேகம் போகவில்லை. அவருக்கு ‘விசாரணைக் கமிஷன்’ என்று பெயர் வைத்தது அவருடைய மருமகன். மாமனார் ஒரு மேசை விளக்கு வாங்கும் வைபவத்தை ஒரு விடுமுறை முழுக்கக் கூடவே இருந்து பார்த்ததன் பலன் அந்தப் பெயர். பொருத்தமாகத்தான் வைத்தான். சாட்சிகள் வருவார்கள், போவார்கள். கால நீட்டிப்புக் கிடைக்கும். இடைக்கால அறிக்கைகூட வரும். தீர்ப்பு மட்டும் வராது.

கமிஷனின் வீடு ஊர்க் கோடியில் இருக்கிறது. அங்கே பொதுக் குழாய் கிடையாது. கொல்லையில் அவரவர் கிணறு, அவரவர் மோட்டார். கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. அதில் தண்ணீரைத் தவிர மற்றவற்றுக்கும் குறைவில்லை. குழாயைத் திறந்தால் முதலில் கண்ணாடி மாதிரிதான் வரும். வாளியில் பிடித்து வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் பழுப்பேறிவிடும். வெள்ளைச் சட்டையைப் போட்டால் காவிச் சட்டையாகத் திரும்பி வரும். சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது, கோபம்தான் வரும். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் மை நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். கமிஷன் அதைக் குடித்தும் இருக்கிறார், “இரும்புச் சத்துதானே, நல்லதுதான்” என்று சொல்லியும் இருக்கிறார். அவருடைய மனைவி குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள். குளிப்பதும் துவைப்பதும் துருவில்தான் நடந்தன.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் வெளியூரில் இருக்கும் மகள் பிரசவத்துக்கு முன்னால் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டு, உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே திரும்பிப் போனாள். போனதும் போன் செய்தாள்.

“அப்பா, குழந்தை பொறந்ததும் நம்ம வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா அந்தத் தண்ணியில குழந்தையைக் குளிப்பாட்ட மாட்டேன். வீடு முழுக்கச் சுத்தம் பண்ற மாதிரி ஒரு ஃபில்டர் வையுங்க. வச்ச மறுநாள் கிளம்பி வர்றேன்.”

“வச்சுடலாம்மா. இன்னைக்கே விசாரிக்க ஆரம்பிச்சுடறேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பெற்ற மகளுக்குத் தெரியாதா?

தொட்டிலை அவருடைய மனைவி வாங்கினாள். தெருக்கோடிக் கடைக்குப் போனாள், ஆட்டிப் பார்த்தாள், “இதைக் கொடுங்க” என்றாள், வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னறையைப் பெருக்கி, ஜன்னலுக்குத் துணி மாட்டி, தொட்டிலை நடுவில் போட்டாள். கமிஷன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, “மரமா, மரத்தூளா?” என்று கேட்டார். “தொட்டில்” என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.

கமிஷன் வேலையைத் தொடங்கியது. ஃபில்டர் வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். இந்த இனத்தின் படிப்பே தனி. பாராட்டி எழுதியிருப்பதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். “அவனுக்குக் காசு கொடுத்திருப்பாங்க” என்று தள்ளிவிடுவார்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருக்கிறவன்தான் அவர்களுக்கு உத்தமன். எங்கோ முகம் தெரியாத ஒரு மனிதர் வீட்டில் ஒரு ஃபில்டர் ஒழுகித் தரைவிரிப்பு நனைந்துவிட்டதாம். கமிஷன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. “பாவம், எவ்வளவு நம்பி வாங்கியிருப்பான்!” என்று, கூடப்பிறந்தவன் வீட்டில் வெள்ளம் புகுந்ததுபோல் கலங்கினார். ஒழுகாமல் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கேட்பதிலும் இவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் கேட்பார்கள். பதில் சொன்னவரை உடனே பட்டியலிலிருந்து தள்ளிவிடுவார்கள். கமிஷன் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்டார். டாக்டர் தன் வீட்டில் வைத்திருப்பதைச் சொன்னார். வெளியே வந்ததும் இவர் மனைவியிடம், “நல்லா ஏமாந்திருக்காரு மனுஷன்” என்றார். முடிவெட்டுகிறவர் வேறொன்றைச் சொன்னார். “அவருக்கு என்ன தெரியும், சின்ன வீடு.” பெரிய வீட்டுக்காரர் ஒருவர் இன்னொன்றைச் சொன்னார். “அவருக்கென்ன, பணம் கொட்டிக் கிடக்கு.” ஆக, வாங்காதவர் சொன்னால் அனுபவம் இல்லை, வாங்கியவர் சொன்னால் ஏமாந்தவர். பிறகு யாரிடம்தான் கேட்பது? அதையும் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

விற்பனை ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வழவழப்பான காகிதங்களோடு வந்து, கேன் தண்ணீரில் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார்கள். பாதிப் பாடத்தில் வாத்தியார் மாறிவிடுவார். “உங்க டேங்க்ல காத்து எந்தப் பக்கம் ஏறுது? உள்ளே போடற மணலை யாரு மாத்துவா? மின்சாரம் போனா கிருமியைக் கொல்ற அந்த யூவி விளக்கு எப்படி எரியும்?” வந்தவன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு, “சார், எங்க இன்ஜினியரைக் கேட்டுச் சொல்றேன்” என்று கிளம்புவான். அப்படிப் போனவர்களில் ஒருவன் பிறகு அவருக்கே போன் செய்து, வேறொரு வாடிக்கையாளர் கேட்ட சந்தேகத்துக்கு விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கமிஷனுக்கு அன்றைக்கு இருந்த பூரிப்பு இருக்கிறதே! வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

இதற்கிடையில் காலம் ஒன்றும் நின்றுவிடவில்லை. கமிஷன் மண் பிடிக்கும் ஃபில்டரை ஆராய்ந்து முடித்து, இரும்பு எடுக்கும் டேங்குக்கு வந்தபோது பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னருக்கு வந்தபோது குழந்தைக்குக் கழுத்து நின்றது. வாடை போக்கும் கார்பனுக்கு வந்தபோது முகம் பார்த்துச் சிரித்தது. யூவி விளக்குக்கு வந்தபோது குப்புற விழுந்தது. இதையெல்லாம் அவர் போனில்தான் பார்த்தார். திரைக்குள் பேத்தி பொக்கை வாயைக் காட்டும்போது இவர் வாயும் திறந்துகொள்ளும். பேசி முடித்துவிட்டு, பின்னறைத் தொட்டிலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, மறுபடியும் படிக்க உட்காருவார். அந்தக் குழந்தைக்கு உலகத்திலேயே சிறந்த தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். அதுதான் வினை. சுமாரான தண்ணீரைக் கொடுத்திருந்தால் குழந்தை என்றைக்கோ வந்திருக்கும்.

ஒருநாள் மருமகன் போனில், “மாமா, முதல்ல தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாருங்களேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். கமிஷனுக்குப் புது அத்தியாயம் கிடைத்தது. எந்தப் பரிசோதனைக்கூடம் நல்லது என்று தனியாக ஒரு விசாரணை நடத்தி, அவர்கள் கொடுத்த பாட்டிலை வாங்கி வந்து, “கிணத்துத் தண்ணிய இதுல பிடிச்சு வை” என்று மனைவியிடம் கொடுத்துவிட்டு, பாட்டிலை எப்படி எடுத்துப் போவது என்று படிக்கப் போனார்.

அவள் பிடித்தாள். பார்த்தாள். அடியில் துரு சுழன்றது. நம் வீட்டுத் தண்ணீரை நாலு பேர் பார்க்கப்போகிறார்கள், இதையா கொடுத்தனுப்புவது? விருந்தாளி வரும்போது கலைந்த படுக்கையை எந்த வீட்டுக்காரிதான் காட்டுவாள்? கீழே கொட்டினாள். மெல்லிய துணியை நாலாக மடித்து வடிகட்டினாள். அப்படியும் மனசு ஒப்பவில்லை. கேனிலிருந்து பாட்டில் நிறையப் பிடித்து, வெளிப்புறத்தையும் துடைத்து, பளிச்சென்று மேசையில் வைத்தாள்.

அறிக்கை வந்தது. குடிக்க மிகவும் ஏற்ற தண்ணீர், இரும்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கமிஷன் அதை மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். நீங்களோ நானோ என்றால் வாளியைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்திருப்போம். இவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு வாளியைச் சந்தேகப்பட்டார்.

“தண்ணியில ஒண்ணும் இல்லையாம். அப்ப பிளாஸ்டிக்தான் சாயம் விடுது. நல்ல வாளி எதுன்னு விசாரிக்கணும்.”

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அவர் நாலு விதமான வாளிகளின் படத்தைக் கொண்டுவந்து காட்டியதும், பொறுமை போய்விட்டது.

“அது கேன் தண்ணிங்க.”

“என்னது?”

“கேன் தண்ணி! நம்ம தண்ணிய அனுப்ப எனக்கு வெட்கமா இருந்துச்சு. போதுமா?”

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அறிக்கையை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். “அப்ப அந்தக் கேன் கம்பெனி பரவாயில்லை” என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்கார அம்மாள் இருக்கிறாள். வாடிக்கையாளர் கொடுத்த வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து வெட்டுவது அவள் வழக்கம். நனைத்த துணியில் பழுப்புத் திட்டு விழுந்து, அவள் பேச்சு வாங்க வேண்டியதாயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

“அண்ணே, ஃபில்டர் விஷயம் உங்களுக்குத்தான் அத்துப்படி. எது வைக்கலாம்?”

வாசகர்களே, கவனியுங்கள். இந்த இனத்தின் விசேஷமே இங்கேதான் இருக்கிறது. கமிஷன் தலையைச் சொறியவில்லை. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று இழுக்கவில்லை. மூச்சு விடாமல் சொன்னார்.

“முதல்ல மண்ணு பிடிக்கிற ஃபில்டர். அடுத்தது இரும்பு எடுக்கிற டேங்க், காத்து ஏத்தற வகை. அப்புறம் சாஃப்ட்னர், கார்பன், கடைசியில யூவி விளக்கு. எல்லாம் ஒரே செட்டா வருது. நீலக் கலர் மூடி போட்டது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்மா.”

சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“அப்படின்னா நமக்கும் அதையே வாங்கிடலாமே!”

“அவங்களுக்கு அது போதும். நமக்கு இன்னும் கொஞ்சம் பாக்கணும்.”

தையல்கார அம்மாள் பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் வந்தான், மாட்டினான், போனான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது. அதைப் பார்த்து எதிர்வீட்டு லாரி டிரைவர் கமிஷனிடம் கேட்டார். அவருக்கும் ஒரு வார்த்தையில் பதில் கிடைத்தது. முனை வீட்டு நர்ஸ் கேட்டாள். ஆளுக்கு ஒரு நீல மூடி. தெரு முழுக்க நுரை பொங்கக் குளித்தது. எல்லோரும் கமிஷனை வழியில் நிறுத்தி, “உங்க புண்ணியம் சார்” என்றார்கள். அவர் தலையை அடக்கமாக ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் துருத் தண்ணீரில் கால் கழுவினார்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள்.

“அப்பா, நாளைக்கு வர்றோம்.”

கமிஷன் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார். “வாம்மா, வா! ஆனா தண்ணி இன்னும் கொஞ்சம்... ரெண்டே ரெண்டு விஷயம்தான் பாக்கி...”

“தெரியும்ப்பா. நாங்க பக்கத்து வீட்டுக்குத்தான் வர்றோம். தையல்கார அத்தை மாடி அறையைக் காலி பண்ணித் தந்திருக்காங்க. அம்மா எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க.”

திரும்பிப் பார்த்தார். மனைவி பின்னறையிலிருந்து தொட்டிலை இழுத்து வந்து, ஒரு பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு, மறுபக்கத்தை அவர் தூக்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கினார். வேறு என்ன செய்வது? தன் பேத்தியின் தொட்டிலைத் தன் வீட்டிலிருந்து தானே சுமந்துகொண்டு பக்கத்து வீட்டு மாடியேறினார். ஏறும்போது எங்கேயோ வலித்தது. நெஞ்சு வலித்தது என்று எழுதினால் எந்த டாக்டர் நல்லவர் என்று விசாரிக்கப் போய்விடுவார். அதனால் மனசு வலித்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் பேத்தி வந்தாள். ஆஸ்பத்திரியில் கைக்குள் அடங்கிய உருண்டையா இது? கையைக் காலை உதைத்துக்கொண்டு, இவர் முகத்தைப் பார்த்ததும் யாரோ அந்நியர் என்று உதட்டைப் பிதுக்கினாள். அது முதல் அடி. தையல்கார அம்மாளைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு தாவினாள். அது இரண்டாவது.

குளிப்பாட்டும்போது இவரும் குளியலறை வாசலில் போய் நின்றார். தண்ணீர் தொட்டியின் அடிவரை தெரிந்தது. சோப்பைத் தொட்டதுதான் தாமதம், நுரை மலை மாதிரி பொங்கியது. பேத்தி நுரையை அறைந்து, கெக்கெக்கென்று சிரித்து, தண்ணீரை வாரி இறைத்தாள். இவர் மூக்குக் கண்ணாடி நனைந்தது. கழற்றித் துடைத்தார். பழுப்புக் கறை இல்லை. துடைத்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நல்ல தண்ணி, இல்லப்பா?” என்றாள் மகள். “நீங்க சொல்லித்தான் வச்சாங்களாம்.”

அவள் குத்திக்காட்டவில்லை. பாராட்டத்தான் செய்தாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அங்கேயே நின்றபடி போனை எடுத்தார். எதையும் படிக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, பிளம்பரின் எண்ணை அழுத்தினார். உள்ளே துண்டோடு நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, பக்கத்து வீட்டுல மாட்டினியே நீல மூடி, அதே மாதிரி நம்ம வீட்டுக்கும் ஒண்ணு. இன்னைக்கே வேணும்.”

தமக்கு ஒரு பொருள் வாங்க அவர் பிறந்ததிலிருந்து பேசிய பேச்சுகளிலேயே மிகவும் சுருக்கமானது அதுதான். மனைவியின் கண் நிறைந்தது.

பிளம்பர் உரக்கப் பேசுகிற ஆள். அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“அதை நிறுத்திட்டாங்க சார். புதுசா ரெண்டு மாடல் வந்திருக்கு. ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?”

கமிஷனின் முகத்தில் ஒரு பழைய ஒளி பரவியது. முதுகு நிமிர்ந்தது. குரலில் அதிகாரம் திரும்பி வந்தது.

“ரெண்டுக்கும் என்ன வித்தியா...”

சொல் முடியவில்லை. போன் மனைவியின் கையில் இருந்தது.

“தம்பி, உன் வண்டியில இப்ப எது கிடக்குது?”

“பச்சை மூடிம்மா.”

“அதைக் கொண்டா.”

பச்சை மூடி வந்தது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மாட்டியாகிவிட்டது. குழாயைத் திறந்தார்கள். பிடித்து வைத்தார்கள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. மறுநாள் தொட்டில் மாடியிறங்கி, பின்னறைக்கு வந்து சேர்ந்தது. பேத்தியும் வந்தாள். ஒரு வாரத்தில் தாத்தாவிடம் தாவினாள். நல்ல தண்ணீரில் போட்ட டீயைக் குடித்தபடி, மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, கமிஷன் பூரணத் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் மனைவியிடம் கேட்டார்:

“அந்த இன்னொரு மாடலுக்கு என்ன கலர் மூடின்னு சொன்னான்?”

அவள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் எதற்கு இப்படி முழிக்கிறீர்கள்? ‘அது சரி, ரெண்டில் எதுதான் நல்லது, கதையில் சொல்லவே இல்லையே’ என்று உங்களுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடுகிறதா? நல்லது, கண்ணாடியில் போய் முகத்தைப் பாருங்கள். நம் கமிஷன் உள்ளே நின்றுகொண்டிருப்பார். இல்லை, உங்களுக்கு அந்தக் குறுகுறுப்பே இல்லை, ‘பச்சை மூடியையா மாட்டினார்கள், அடடா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா’ என்றுதான் தோன்றியது என்கிறீர்களா?

வாருங்கள், வணக்கம். உங்களுக்குப் பயந்துதான் அந்த மனிதர் இத்தனை நாள் துருத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்.